அந்த ஒரு ‘ங்க’

பிப்ரவரி 6

தம்பி ஊசிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். என் முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டது. உன் காது எப்படி? போன வருஷம் நான் ஃபோனில் “அத்தான் போயிட்டாருடா” என்று அழுததற்கு நீ “ரொம்ப சந்தோஷம், எந்த ஊருக்கு?” என்று கேட்டாய் பார், அன்றே முடிவு செய்துவிட்டேன், உனக்கு இனிமேல் கடிதம்தான்.

இதோடு ஒரு பார்சல் வரும். தையல் துணிக்கு நடுவில் பத்திரமாக வைத்திருக்கிறேன், கத்தரியால் குத்தித் திறக்காதே. உள்ளே அத்தானின் சிடி இருக்கிறது. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று மைக்கில் பேசினாரே, ஆபீஸ்காரர்கள் பதிவு செய்து கொடுத்தார்களே, அதுதான். வீட்டு பிளேயர் இன்றோ நாளையோ என்று கிடக்கிறது. மே மாதம் அத்தானுக்கு முதல் வருஷ நினைவு நாள். அவர் பக்கத்து ஜனம் முழுக்க வருகிறது. பெரிய நாத்தனாரும் வருகிறாள். தன் தம்பிக்கு நான் வாழ்க்கை கொடுத்தேனா, அவன் உயிரை எடுத்தேனா என்று முப்பது வருஷமாகத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறவள். அன்று எல்லாரும் உட்கார்ந்து அத்தான் என்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்கவேண்டும்.

கம்ப்யூட்டரில் ஏற்றி பென் டிரைவில் போட்டு அனுப்பு. ஒரு இடத்தில் லேசாக விக்கும். அது அப்படியே இருக்கட்டும். இப்போது எப்படிப் பேசுகிறதோ அப்படியே வேண்டும். உன் கெட்டிக்காரத்தனம் வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நானும் என் இடது காதும். வலது காது ராஜினாமா கொடுத்துவிட்டது.

சிடி வந்து சேர்ந்தது. பார்சலைக் கத்தரியால் குத்தித்தான் திறந்தேன், ஒன்றும் ஆகவில்லை. எதிர்க்கடைப் பேக்கரிக்காரன் என்னைப் பார்த்து, “செவிடன் நடத்துற பாட்டுக்கடை, மொட்டையன் நடத்துற சீப்புக்கடை” என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்? இப்போது காது எதற்கு? ஜனங்கள் பரணில் கிடந்த சிடிக்களை எல்லாம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் டிரைவில் போடுகிறேன், கம்ப்யூட்டர் படிக்கிறது, பிழை இருக்கா இல்லையா என்று அதுவே எழுதிக் காட்டுகிறது. நான் கண்ணால் கேட்கிறவன்.

அந்த வரியை நான் மறப்பேனா அக்கா? உன் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு தடவையும் காபிக்கு முன்னால் அதைத்தானே கொடுப்பாய். “என் வீட்டுக்காரி மாதிரி ஒருத்தி இன்னொரு ஜென்மத்துலயும் எனக்குக் கிடைக்கமாட்டாங்க.” என் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். நீ வேறு அவளைப் பார்த்து, “பாத்தியா, கட்டினவளுக்கு ‘ங்க’ போடுற மனுஷன்” என்றாய். வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்: “உங்க வாயில இருந்து எனக்கு ஒரு ‘ங்க’ என்னைக்காவது வந்திருக்கா?” நான், “அதுக்கு நீ என் மாமியாரா பிறந்திருக்கணும்” என்றேன். நல்ல நகைச்சுவை என்றுதான் நினைத்தேன். அவள் பெட்டி கட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் எழுதுகிற கடிதம் எல்லாம் பிரிக்காமல் திரும்பி வருகிறது. ஒரு ‘ங்க’ ஒரு குடும்பத்தைப் பிரித்த கதை உலகத்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான்.

அவளுக்குக் கண்ணில் புரை என்று கேள்விப்பட்டேன். பார்த்தால் சொல்.

ஊசி


மார்ச் 3

தம்பி,

முழங்காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்க்கிறேன், எண்ணெய்தான் தீர்கிறது. உன் காதில் கண்ட சொட்டு மருந்தையும் ஊற்றாதே.

உன் பெண்டாட்டி போனதற்கு என் மேல் பழியைப் போடாதே. அவள் ஒரு வார்த்தைக்காகப் போகவில்லை. உன் வாயில் மிச்சம் இருக்கிற எல்லா வார்த்தைக்காகவும் போனாள். நானே ஊர் பூரா சொல்லியிருக்கிறேனே, ஊசிக்குக் காது அடைத்தது அவள் கத்தியதால் இல்லை, தன் பேச்சைத் தானே கேட்டுக்கேட்டு அடைத்துக்கொண்டது என்று.

அத்தான் வீட்டில் பேசவே மாட்டார், உனக்குத் தெரியும். நாளெல்லாம் மைக்கில் கத்திவிட்டு வருகிறவருக்கு வீட்டில் தொண்டை தாழ்ப்பாள். என்னை “ஏய்” என்பதோடு சரி. அப்படிப்பட்டவர் நாலு பேர் முன்னால் ‘ஒருத்தி’ என்று ஆரம்பித்து, முடிக்கும்போது மனசு உருகி ‘ங்க’ போட்டுவிட்டார். ஆயுசுக்கும் எனக்குக் கிடைத்த மரியாதை அந்த ஒரு எழுத்துதான். விருந்தாளிகளுக்குப் போட்டுக் காட்டும்போதெல்லாம் அந்த இடம் வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அவ்வளவு வெட்கம்.

அதனால்தான் சொல்கிறேன். விக்கல் விக்கலாகவே இருக்கட்டும். சீக்கிரம் அனுப்பு.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

இடது காதும் இப்போது அரைச் சம்பளத்தில்தான் வேலை செய்கிறது. முழங்காலை மடக்காதே.

உன் சிடியைப் பார்த்தேன். இது லேசுப்பட்ட வேலை இல்லை. கடையில் விற்ற சிடி என்றால் பிரச்சினை இல்லை. அதே சிடியை உலகத்தில் வேறு யாராவது படித்துக் கணக்கு எடுத்து வைத்திருப்பார்கள், நம் கணக்கோடு ஒத்துப்பார்த்தால் போச்சு. அத்தான் சிடிக்கு ஜோடியே கிடையாது. இது சொன்னால்தான் உண்டு, சாட்சி இல்லை.

அதற்கும் வழி இருக்கிறது. ஒரே இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லவேண்டும். இரண்டும் ஒத்தால் உண்மை. ஒத்துவராவிட்டால் திரும்பத் திரும்பப் படி. ஆனால் சில டிரைவ் நம் சித்தப்பா ஜாதி. முதல் தடவை சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு, இரண்டாம் தடவை சிடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதையே ஒப்பிக்கும். அவனைப் பிடிக்க ஒரு தந்திரம் உண்டு. நடுவில் வேறு ஏதோ மூலையைப் படிக்க அனுப்பி மனசைக் கலைத்துவிட்டு, சட்டென்று பழைய இடத்தைக் கேட்கவேண்டும். பொய்யன் அங்கே மாட்டுவான்.

வீட்டு பிளேயர் இருக்கிறதே, அது மரியாதைக்காரன். படிக்க முடியாத இடம் வந்தால் முன்னே பின்னே இருப்பதை வைத்துப் பூசி மெழுகும். அதுவும் முடியாவிட்டால் ஒரே தாண்டு, அடுத்த பக்கம் போய்விடும். கேட்கிறவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாதாம். நான் அப்படிப்பட்டவன் இல்லை. உன் விக்கல் விக்கல் இல்லை அக்கா, பெரிய பள்ளம். அதற்குள்ளே பேச்சு இருக்கிறது.

ஒரு விஷயம் வேடிக்கை. தானாக விழுகிற கீறல் குறுக்கும் நெடுக்குமாக விழும், அதை சிடி தாங்கும். வட்டத்தோடு வட்டமாக ஓடுகிற கீறல்தான் ஆளைக் கொல்லும். உன்னுடையது அப்படியே சுற்றிக்கொண்டு ஓடுகிறது, வளையல் மாதிரி. நீ தட்டு துடைப்பதுபோலச் சுற்றிச் சுற்றித் துடைத்தாயா? எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடை என்று! கவலைப்படாதே, கீறல் பளபளப்பான பக்கத்தில் மேலாகத்தான் இருக்கிறது. பற்பசை வைத்துத் தேய்க்க ஆரம்பித்திருக்கிறேன்.

ஊசி


ஏப்ரல் 8

தம்பி,

நலம் விசாரிக்க நேரமில்லை. யார் உன்னைத் தேய்க்கச் சொன்னது? ஆமாம், சுற்றித்தான் துடைத்தேன், என் தப்புதான். தப்பு தப்பாகவே இருக்கட்டும். வாங்கிய துணியை வாங்கியபடி திருப்பிக் கொடு என்றால் நீ சாயம் போடுகிறாய். தேய்ப்பதை நிறுத்து. எப்படிக் கேட்கிறதோ அப்படி ஏற்றி அனுப்பு. இது உன் அக்கா கேட்கிறது.

அக்கா


ஏப்ரல் 24

அக்காவுக்கு,

கோபத்தில் முழங்காலை உதைத்துக்கொள்ளாதே. இதோ பென் டிரைவ். வேலை முடிந்தது. பேக்கரிக்காரன்கூட வந்து பார்த்தான். கம்ப்யூட்டர் கடைசி வரியில் என்ன எழுதியது தெரியுமா? ‘பிழை இல்லை.’ ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, பள்ளம் உட்பட. இந்த ஊரில் இந்தச் சிடியை இப்படிப் படிக்க இன்னொருத்தன் பிறக்கவேண்டும்.

உன் விக்கல் இருக்கிறதா இல்லையா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னால், என் காதுக்கு அந்த யோக்கியதை இல்லை. நீயும் முன்னாடியே கேட்டுவிடாதே. ருசி போய்விடும். எல்லாரும் உட்கார்ந்த பிறகு போடு. பெரிய நாத்தனாரை முன் வரிசையில் உட்காரவை. பிரஷர் குக்கர் எத்தனை விசில் விடுகிறது என்று எனக்கு எழுது.

நான் வரவில்லை. என் பெண்டாட்டி வந்திருந்தால் நான் எந்த நாற்காலியில் உட்காருவது?

ஊசி


ஜூன் 30

தம்பி,

நினைவு நாள் முடிந்தது. எல்லாரும் வந்தார்கள். உன் பெண்டாட்டியும் வந்தாள், கையைப் பிடித்து அழைத்து வரவேண்டியிருந்தது, கண் அவ்வளவு மங்கல்.

பக்கத்து வீட்டுப் பையன் பென் டிரைவைப் போட்டான். நீ சொன்னபடி நான் முன்னாடி கேட்கவில்லை, தையல் வேலை நெருக்கடி. அத்தான் பேசினார். உன் தேய்ப்பு நல்ல தேய்ப்பு, அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அந்த இடம் வந்தது.

“என் வீட்டுக்காரி மாதிரி ஒருத்தி எதிரிக்குக்கூட வாய்க்கக்கூடாது. யாருமே ஓவர்டைம் கேட்காதப்ப நான் மட்டும் ஏன் கேட்டுக் கேட்டு வாங்கினேன்னு இப்பப் புரியுதா? வீட்டுக்குப் போகாம இருக்கத்தான். நீங்கதான் என் குடும்பம். உங்கள மாதிரி மனுஷங்க இன்னொரு ஜென்மத்துலயும் எனக்குக் கிடைக்கமாட்டாங்க.”

யாரும் நிறுத்தவில்லை. பெரிய நாத்தனார் விசில் விடவில்லை. என் பக்கத்தில் வந்து, தோளைத் தட்டி, “அவன் பொய் சொல்ற பிள்ளை இல்லைன்னு நான் எப்பவும் சொல்வேனே” என்றாள். அவ்வளவு மென்மையாக அவள் என்னிடம் பேசியதே இல்லை. பிறகு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான்தான் பரிமாறினேன்.

ஒரே ஒரு கேள்வி. அனுப்புவதற்கு முன்னால் நீ அதைக் கேட்டாயா?

அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சத்தியமாகக் கேட்கவில்லை அக்கா. ஒரு வார்த்தைகூட. கேட்க எனக்குக் காது ஏது? கம்ப்யூட்டர் பிழை இல்லை என்றது, பொட்டலம் கட்டினேன். பள்ளத்துக்குள்ளே இருமலோ கைதட்டலோ இருக்கும் என்று நினைத்தேன். அத்தான் இப்படிப் பேசியிருப்பார் என்று யார் கண்டது? அத்தான்களே இப்படித்தான்.

என் பெண்டாட்டி கேட்டாளா? கேட்டுவிட்டு ஏதாவது சொன்னாளா?

முழங்காலைப் பார்த்துக்கொள்.

ஊசி


ஆகஸ்ட் 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கேட்கவில்லை என்று நீ சொன்னாய், நான் நம்பிவிட்டேன். காது இல்லாதவன் மேல் என்ன கோபம்? முழங்கால் இப்போது தேவலை.

இங்கே நிறைய விசேஷம். எதிர்வீட்டு நர்ஸ் தன் மகனுக்குப் பார்த்த பெண்ணையே தன் தம்பிக்கும் பார்த்திருக்கிறாள், இரண்டு பேரும் ஒரே நாளில் பூங்கொத்தோடு போய் நின்றார்களாம். பெண் கதவையே திறக்கவில்லை.

உன் பெண்டாட்டி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். கண் ஆஸ்பத்திரி எனக்குப் பக்கம் என்பதால் ஆபரேஷன் முடித்து இங்கேயே வைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளைக்குப் படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. நேற்று கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து திடீரென்று சிரித்தாள். “ஏன் அண்ணி, அந்த ‘ங்க’ பொய்யா? பொய்க்கா நான் பெட்டி கட்டினேன்? என் ஆளு வாய்தான் ஊசி, முதுகுக்குப் பின்னால குத்தாது” என்றாள். நீ ஏதாவது எழுதினால் நான் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

என்னை உறுத்துவது ஒன்றுதான். பெரிய நாத்தனார், “‘எதிரிக்குக்கூட வாய்க்கக்கூடாது’ன்னு அவன் சொன்னதும் மொத்த ரயில் நிலையமும் கைதட்டிச்சு” என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்கு அன்று காதெல்லாம் அடைத்துவிட்டது, ஒன்றும் நினைவில்லை. பென் டிரைவையும் உடைத்துப் போட்டுவிட்டேன், கேட்டுப் பார்க்க வழியில்லை. ஊரே கைதட்டியதா என்பதுதான் தூங்கவிடமாட்டேன் என்கிறது.

உன் அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பேக்கரிக்காரனிடம் காட்டிவிட்டேன். அவன் ஒரு கேக் கொடுத்தான். முழங்கால் தேறியது, அவள் சிரித்தது, எதற்கு முதலில் சந்தோஷப்படுவது என்று தெரியவில்லை.

பெரிய நாத்தனார் அண்டப்புளுகு! அந்த இடத்தில் கைதட்டலே கிடையாது. நீ நிம்மதியாகத் தூங்கு. ‘வாய்க்கக்கூடாது’ என்றதும் ஒருத்தர் இருமுகிறார். ஒரு பெண், “அய்யய்யோ, என்ன சார்” என்கிறாள். தூரத்தில் ரயில் ஒன்று ஊதுகிறது. கைதட்டல் ‘நீங்கதான் என் குடும்பம்’ என்ற பிறகுதான், அதுவும் முதலில் ஒரே ஒருத்தர். நாத்தனார் வந்தால் இதை முகத்துக்கு நேரே சொல்.

இப்போது என் விஷயம். அக்கா, நான் கிண்டல் பண்ணாமல் எழுதுகிற முதல் வரி இதுதான். அவளிடம் கீழே இருப்பதை எழுத்துப் பிசகாமல் வாசி:

“நீ போனதுக்கப்புறம் வீடு அமைதியா இருக்கு. அந்த அமைதி செவிட்டுக் காதையே குடையுதுன்னா பாத்துக்கோங்க. திரும்பி வாங்க. இனிமே உங்கள ஏங்கன்னுதான் கூப்பிடுவேன், கடையில ஆள் இருந்தாலும். நீங்க ஒரு வேலையும் செய்ய வேண்டாம், எதிர்ல உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டு இருங்க, அதுவே எனக்குப் போதும்.”

‘நீ’ என்று ஆரம்பித்து ‘ங்க’வில் முடிகிறது. உன் வீட்டில் கற்றதுதான். இது நடந்தால் உன் காலில் விழுவேன், முழங்காலில் இல்லை, பாதத்தில்.

ஊசி


ஆகஸ்ட் 29

தம்பி ஊசிக்கு,

அக்கா எழுதுவது. நலம்.

பென் டிரைவை நான் உடைக்கவில்லை. உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டுக் கேட்டேன். இருமல் இருக்கிறது. “அய்யய்யோ, என்ன சார்” இருக்கிறது. ரயில் இருக்கிறது. முதலில் கைதட்டியது ஒரே ஒருத்தர்தான். ஒரு வார்த்தைகூடக் கேட்காத காதுக்கு நூற்றுக்கு நூறு. நடுவில் நர்ஸ் வீட்டுக் கதைக்கு அனுப்பி உன் மனசைக் கலைத்தேன். நீ சொல்லிக்கொடுத்த தந்திரம் நன்றாக வேலை செய்கிறது.

கீறலைப் பற்றியும் கேட்டாயே. துடைத்தது இல்லை. ஆபீஸ்காரர்கள் சிடியைக் கொடுத்த மறுநாள் காலை அத்தான் நடக்கப் போனபோது தனியாகப் போட்டுக் கேட்டேன். பிறகு சிடியைப் பென்சிலில் மாட்டிச் சுற்றி, தையல் ஊசியை வைத்தேன். வட்டத்தோடு ஓடினால்தான் ஆளைக் கொல்லும் என்று நீதான் ஒரு தடவை சாப்பாட்டு மேஜையில் பெருமை அடித்தாய். கொஞ்சம் கீறி, போட்டுக் கேட்டு, இன்னும் கொஞ்சம் கீறி. ஒட்டுத் தெரியாமல் தைப்பது என் தொழில். ‘மாட்டாங்க’வில் அந்த ‘ங்க’ மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, அதையே பூவேலை ஆக்கிவிட்டேன். விருந்தாளிகள் முன்னால் முதல் தடவை போட்டபோது அத்தான் என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் குடிக்கப் போகிற பழக்கம் வந்தது. அவருக்கே அந்த மரியாதை தெரிந்திருந்தது.

உன் வரியை உன் பெண்டாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றாமல், மடியில் கையைக் கோத்துக்கொண்டு கேட்டாள். அவள் கேட்டது இது:

“நீ போனதுக்கப்புறம் வீடு அமைதியா இருக்கு. அதுவே எனக்குப் போதும்.”

“நடுவுல லேசா விக்கின மாதிரி இருந்துச்சே அண்ணி?” என்றாள். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். கெட்டிக்காரி, உடனே விடவில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து போடச் சொன்னாள், தண்ணீர் கேட்டாள், எதிர்வீட்டு நர்ஸைப் பற்றி விசாரித்தாள். பிறகு சட்டென்று, “இன்னொரு தடவை வாசிங்க” என்றாள். வாசித்தேன். இரண்டும் ஒத்துப்போய்விட்டது.

நேற்று அவள் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். கண் தெளிந்ததும் தானே படித்துவிடுவாள் என்று காத்திருக்காதே. ஒரு சட்டைக் காலருக்கு அளவுக் காகிதம் தேவைப்பட்டது, உன் கடிதம் சரியாக இருந்தது.

பேக்கரிக்காரனுக்கு என் விசாரிப்பைச் சொல். காதைப் பார்த்துக்கொள்.

அக்கா